வெறுங்குழாயில் வந்த மஞ்சள்

போன கிழமை ஷிஃபானா போன் எடுத்தாள். இப்போது அவள் டொக்டர். ரசாயனத்தில் டொக்டர், ஊசி போடுகிற டொக்டர் இல்லை. சொந்தமாக ஒரு ஆய்வுகூடம் நடத்துகிறாள். அங்கே அவள் வைத்திருக்கும் ஒரு சட்டம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பிடிக்கவில்லையாம். கலக்குகிற தண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம். ஒரு தண்டு ஒரு பொருளுக்குள் மட்டும்தான் இறங்கலாம். இரண்டு தண்டுகளை ஒரே பாத்திரத்தில் கழுவக்கூடாது.

“ஏன் இந்தக் கரைச்சல் எண்டு கேக்குறாங்க அங்கிள். நான் செல்லி அவங்களுக்கு வெளங்குதில்ல. நீங்க எழுதித் தாங்க, சுவர்ல ஒட்டுறன்” என்றாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், எழுதினால் வழியில் காண்கிற எல்லாக் கடைக்குள்ளும் ஏறி இறங்கித்தான் வருவேன் என்று சொன்னேன்.

“நீங்க சுத்திச் சுத்தியே வாங்க. கடைசில வந்து சேர்ந்தாச் சரி.”

சுவரில் ஒட்டுகிற அளவுக்கு இது அடங்காது, மகள். மடித்து வைத்துக்கொள்.

நான் வேலை செய்த இடம் வெள்ளவத்தைப் பக்கம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் எங்கள் ஆராய்ச்சிக் கட்டடம். பெயரைப் போடவில்லை. இன்னும் அங்கே ஆட்கள் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு என்னால் கரைச்சல் வேண்டாம். எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். நானும் அங்கேதான் போயிருப்பேன். எங்கள் பங்குக் கோயில் சுவாமி ஒரு துண்டுக் கடிதம் தந்து, இந்த விலாசத்தில் போத்தல் கழுவ ஆள் தேடுகிறார்கள், போய்ப் பார் என்றார். போத்தல் கழுவப் போனவன் முப்பத்தைந்து வருசம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

முதல் மூன்று வருசமும் கழுவல்தான். அதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சவர்க்காரம், பைப் தண்ணீர், பிறகு வடித்த தண்ணீர் மூன்று தரம். கழுவி நிமிர்த்திய கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் அது இன்னும் அழுக்கு. விரித்த துணி மாதிரி ஒரே தகடாக வழுக்கி இறங்கினால் சுத்தம். இந்த ஒன்றைப் படிக்க எனக்கு மூன்று வருசம் போனது. இன்றைக்கும் வீட்டில் பிளேன்டீ கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். என் மனுசி பிலோமினாவுக்கு அதைக் கண்டால் பத்திக்கொண்டு வரும்.

எங்கள் ரசாயனப் பகுதிக்குத் தலைவர் ஒரு பேராசிரியர். எல்லோருக்கும் அவர் சேர். மெலிந்த மனிதர், கை நீண்ட வெள்ளைச் சேர்ட், சட்டைப் பையில் பென்சில். பேனாவால் எழுத மாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கழுவுகிறவனுக்கும் “நீங்கள்” தான். மாணவர்கள் ஏதாவது பரிசோதனை முடித்துக்கொண்டு அவர் அறைக்குப் போனால் இரண்டு கேள்வி கேட்பார். “என்ன கண்டனீங்கள்?” அது முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லி முடித்த பிறகு, “என்ன நினைக்கிறீங்கள்?” அது இரண்டாவது. முதல் கேள்விக்கான பதிலுக்குள் இரண்டாவதைக் கொஞ்சம் கலந்துவிட்டால் கையை உயர்த்துவார். “பொறுங்கோ. கண்டது வேற, நினைச்சது வேற. ரெண்டையும் ஒரு போத்தலுக்க ஊத்தாதேங்கோ” என்பார். கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட அந்த அறையிலிருந்து வியர்த்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

என்னிடம் அவர் முதல் கேள்வி மட்டும்தான் கேட்பார். காலையில் அடுப்பின் சூடு எவ்வளவு, போத்தலில் எந்த மட்டம், அவ்வளவுதான். நினைக்கிறது என் வேலை இல்லை. எனக்கு அது குறையாகவும் படவில்லை.

என்னைக் கழுவலிலிருந்து மேசைக்கு ஏற்றியது ஒரு சவ்வு. ஒருநாள் சேர் ஒரு சுருளைக் கொண்டுவந்தார். மிட்டாய் சுற்றுகிற கண்ணாடித்தாள் மாதிரி, தட்டையான ஒரு நாடா. தண்ணீரில் ஊறப்போட்டால் அது வாய் திறந்து குழாயாகிறது. ஒரு முனையை முடிச்சுப் போட்டு, உள்ளே கரைசலை ஊற்றி, மற்ற முனையையும் முடிய வேண்டும். கிழியவும் கூடாது, ஒழுகவும் கூடாது. இரண்டு மாணவர்கள் முயன்று நாலைந்து முழத்தைக் கிழித்துவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை சும்மா இருக்கவில்லை. தாங்கோ சேர் என்று வாங்கி, முனையை முறுக்கி, மடித்து, மடித்த இடத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

எங்கே பழகினீர்கள் என்று சேர் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் நத்தார் பண்டிகைக்கு லிங்குஸ் போடுவார்கள், பன்றிக் குடலில் இறைச்சியை அடைத்து முடிகிற வேலை சின்ன வயதிலிருந்தே என்னுடையது என்று. சேர் முட்டைகூடச் சாப்பிடாத சைவக்காரர். கையில் வாங்கிய பையை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார்.

“நல்லாக் கட்டுறீங்கள், சேவியர். எங்க பழகினனீங்கள் எண்டு இனிமேல் கேக்க மாட்டன்.”

அந்தப் பைக்குள் ஊற்றியது பச்சைக் கரைசல். ஒரு பெரிய பீக்கர் தண்ணீருக்குள் அதைத் தொங்கவிட்டோம். நான் மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து பார்க்கிறேன், வெளித் தண்ணீர் மஞ்சள். பின்னேரம் பார்க்கிறேன், பை நீலம். பச்சை எங்கே போனது? அது ஒரு நிறம் இல்லையாம். பெரிய நீல மூலக்கூறும் சின்ன மஞ்சள் மூலக்கூறும் ஒன்றாக நின்றதாம். சின்னது சவ்வின் துளையால் வெளியே போய்விட்டது, பெரியது உள்ளே மாட்டிக்கொண்டது. ஒருவரும் தொடவில்லை, பிரிக்கவில்லை. அந்தப் பை தானாகவே ஆள் பார்த்து விட்டிருக்கிறது. கொட்டாஞ்சேனை பஸ்ஸில் நின்றுகொண்டே பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனுசனுக்கு இதைச் சொன்னேன். அவர் அடுத்த பஸ் ஹோல்டில் இறங்கிவிட்டார். அவருடைய இடம் அதுதானோ என்னவோ.

சேர் அடுத்த நாள் சொன்னார், உடம்பு முழுக்க இப்படி வாசல்கள்தான், யாரை விடுகிறது யாரை விடாதது என்பதுதான் கேள்வி, அந்தக் கேள்விக்காகத்தான் நாங்கள் இந்தக் கூடத்தில் நிற்கிறோம் என்று. சவ்வு என்றால் தோல் மாதிரி இருக்க வேண்டும் என்றும் இல்லையாம். இரண்டு தண்ணீருக்கு நடுவே தண்ணீரோடு கலக்காத ஒரு திரவம் நின்றால் அதுவும் சவ்வுதான். அந்தத் திரவச் சவ்வில்தான் பிறகு என் காலம் போனது. ஷிஃபானா வந்ததும் அதற்காகத்தான்.

அவள் கொம்பனித்தெருப் பிள்ளை. வேகமாக நடப்பாள், அதைவிட வேகமாகக் கதைப்பாள். வந்த முதல் நாளே எனக்கு அங்கிள். ஐந்து நிமிசம் பிந்தி வந்தால், “கொட்டாஞ்சேனைல இருந்து நடந்தா வந்த அங்கிள்?” என்று கேட்பாள். இரண்டரை வருசம் அவள் ஒரு மூலக்கூறைச் செய்தாள். சமைப்பாள், வடிப்பாள், பிழைக்கும், ஊற்றுவாள், திரும்பச் சமைப்பாள். கடைசியில் கால் தேக்கரண்டி வெள்ளைப் பொடி கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த மூலக்கூறு ஒரு வளையம். நடுவே ஒரு குழி. அந்தக் குழிக்குள் பொட்டாசியம் அளவாக உட்காரும். பொட்டாசியத்துக்குத் தண்ணீரில்தான் பழக்கம், குளோரோஃபோம் என்கிற எண்ணெய் மாதிரித் திரவத்துக்குள் அது தனியாக இறங்காது. வளையம் அதை ஏற்றிக்கொண்டு குளோரோஃபோமைக் கடந்து அந்தப் பக்கத் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும், பிறகு வெறுங்கையோடு திரும்பி வந்து அடுத்ததை ஏற்ற வேண்டும். களனி ஆற்றில் தோணி விடுகிற மாதிரியா என்று கேட்டேன். “அதேதான் அங்கிள். என்ட தோணி” என்றாள். அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் அதற்குத் தோணி என்றே பெயராகிவிட்டது. சேர் மட்டும் முழுப் பெயரைச் சொல்வார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு மூச்சு வேண்டும்.

தோணி ஓடுகிறதா என்று பார்க்கிற முறையைச் சொல்கிறேன். இதில் அவசரப்பட மாட்டேன். யூ எழுத்து மாதிரி வளைந்த கண்ணாடிக் குழாய். முதலில் குளோரோஃபோம். அது தண்ணீரைவிடப் பாரம், அடி வளைவில் போய்ப் படுத்துக்கொள்ளும். தோணிப் பொடியை அதில்தான் கரைத்திருப்போம். குழாயின் இடது கையில் பொட்டாசியம் கரைந்த மஞ்சள் தண்ணீர், வலது கையில் வடித்த தண்ணீர். இரண்டையும் சுவரோடு சுவராக, பிப்பெட்டால் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அவசரமாக ஊற்றினால் குளோரோஃபோமின் முகம் கலங்கிவிடும். முகம் கலங்கினால் அன்றைக்கு வேலை போச்சு. பொட்டாசியத்துக்கு நிறமில்லை, அது கடந்ததைக் கண்ணால் காண முடியாது. ஆனால் அதனோடு பிக்கிரேட் என்கிற மஞ்சள் கூட்டாளியும் ஒட்டிக்கொண்டு போகும். வலது பக்கம் மஞ்சளானால் பொட்டாசியமும் வந்துவிட்டது என்று அர்த்தம். பிக்கிரேட் எடுக்கிற பிக்கிரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கிற சாமான். அந்தப் போத்தல் ஈரமாக இருக்கிறதா என்று திங்கட்கிழமை தோறும் பார்க்கிறது என் பொறுப்பு. ஒரு திங்களும் தவறவில்லை, பெரிய வெள்ளிக்கு ஊருக்குப் போன கிழமைகூட.

பக்கத்தில் இன்னொரு யூ குழாய் நிற்கும். அதில் எல்லாம் அதே அளவு, தோணி மட்டும் இல்லை. அதற்கு வெறுங்குழாய் என்று பெயர். அதில் வலது பக்கம் கடைசிவரை தண்ணீராகவே நிற்க வேண்டும். அங்கேயும் மஞ்சள் வந்தால் தோணி கொண்டுபோனது என்று சொல்ல வாயில்லை. தோணி இல்லாமலே ஆள் கடக்கிறதென்றால் தோணி எதற்கு?

அடியில் கிடந்து சுழல்கிற சின்னத் தண்டுக்கு நாங்கள் வைத்த பெயர் மீன். மீனுக்குள் காந்தம். குழாய்க்குக் கீழே இருக்கிற மெசினில் இன்னொரு காந்தம் சுற்ற, மீனும் சுற்றும், குளோரோஃபோம் மெல்ல அசையும். முகம் கலங்காத வேகம் எது என்று என் காதுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் நாட்டில் ஒன்றுமில்லாமல் போனது. காஸ் இல்லை, பெட்ரோல் இல்லை, கரண்ட் நேரம் போட்டு வெட்டினார்கள். வெளிநாட்டுச் சாமான் வரவே இல்லை. எங்களிடம் இருந்த மீன்கள் ஒன்றொன்றாக வெடித்தும் தொலைந்தும் போயின. ஸ்டோர்ஸில் பந்துல என்று ஒருவர். நான் வாசலில் தலையைக் காட்டினாலே, “நெஹெ அய்யே” என்பார். இல்லை அண்ணே என்று அர்த்தம். என்ன வேண்டும் என்று கேட்கவே மாட்டார். எது கேட்டாலும் பதில் அதுதான், ஏன் மினக்கெட வேண்டும் என்று நினைத்திருப்பார்.

அப்போதுதான் எனக்கு அந்த மூளை வேலை செய்தது. வீட்டில் பழைய பேனாக்கள் கிடந்தன. ரீஃபிலை எடுத்து, மையை ஸ்பிரிட்டால் கழுவி, துண்டு துண்டாக வெட்டினேன். பிலோமினாவின் தையல் ஊசியை முறித்து ஒவ்வொரு துண்டுக்குள்ளும் வைத்தேன். இரண்டு முனையையும் நெருப்பில் காட்டிக் குறட்டால் நசுக்கினேன். ஊசி இரும்புதானே, கீழே காந்தம் சுற்ற இதுவும் சுற்றும். ஆறு மீன். மரக்கட்டையில் ஆறு துளை போட்டு ஒவ்வொன்றையும் நிறுத்தினேன். துளைக்குள் நுழைந்தால் அப்படியே வழுகி நிற்கும், அவ்வளவு அளவு. பிலோமினா மட்டும், பல்கலைக்கழகமெல்லாம் படித்தவர்கள் என் ஊசியிலா தொங்குகிறார்கள் என்று கேட்டாள்.

சேர் ஒன்றைத் தூக்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். இது குளோரோஃபோமில் நிற்குமா என்று கேட்டார். ஒருநாள் முழுக்க ஊறப்போட்டுப் பார்த்தேன் சேர், கரையவில்லை என்றேன். அது உண்மை. கரையவில்லைதான். சேர் தலையசைத்தார். அன்றைக்குப் பஸ்ஸில் இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. அப்படி ஒரு சந்தோசம்.

முதல் ஓட்டம். காலை ஒன்பது மணிக்கு மீன்கள் சுழலத் தொடங்கின. பதினொன்றுக்கு வலது பக்கத்துக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தால் ஒரு சந்தேகம். பன்னிரண்டுக்குச் சந்தேகமே இல்லை, இளமஞ்சள். இரண்டு மணிக்கு நல்ல மஞ்சள். வெறுங்குழாயில் நிறமில்லாத வெறுந்தண்ணீர். ஷிஃபானா ஸ்டூலை இழுத்து முன்னால் உட்கார்ந்தாள். கன்னத்தில் கைவைத்து அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன், அது ஆறிப்போனது. இரண்டு தண்ணீருக்கு நடுவே விரல் அளவு திரவம். அதைக் கடந்து ஒன்று இந்தப் பக்கம் வருகிறது, ஒரு மனுசப் பிள்ளை கையால் செய்த வளையம் அதைச் சுமந்து வருகிறது. நான் எத்தனையோ பெரியகோயில் திருவிழா பார்த்தவன். அந்தச் சோடனையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரு தரம் கண்டால் சேருக்குப் போதாது. மூன்று தரம் வேண்டும். அடுத்த ஓட்டத்தில் வெறுங்குழாயின் வலது பக்கம் லேசாக மஞ்சள் தட்டியது. கண்ணின் பிழை என்று நினைத்தோம். மூன்றாவதில் கண்ணின் பிழை என்று சொல்ல வழியில்லை.

ஷிஃபானாவின் மாணவப் பதிவு முடிய ஒரு மாதம் இருந்தது. ஒருதரம் நீட்டித் தந்துவிட்டார்கள், இன்னொரு தரம் தர மாட்டார்கள். அதற்குள் மூன்று சுத்தமான ஓட்டம் இல்லாவிட்டால் ஆய்வு இல்லை, பட்டம் இல்லை. குளோரோஃபோமைத் திரும்ப வடித்தோம். தண்ணீரைத் திரும்ப வடித்தோம். குழாய்களை மாற்றினோம். சவர்க்காரத்தைக்கூட மாற்றினேன். கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் நின்றுவிடும். முதலாவதை விட்டு ஐந்து ஓட்டம், ஐந்திலும் வெறுங்குழாயில் மஞ்சள். சேர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். என்ன கண்டீர்கள் என்றதற்கு அவள், ரெண்டு பக்கமும் மஞ்சள் என்றாள். என்ன நினைக்கிறீர்கள் என்றதற்குக் கொப்பியை மூடினாள். சேரும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் பார்த்தால் அவள் மேசையை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள். விலகுகிற கடிதத்தை எழுதிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறாளாம், வெள்ளிக்கிழமை கொடுப்பாளாம்.

“தோணி ஒண்டும் இல்ல அங்கிள். எங்கயோ ஓட்ட, அதால தானா ஒழுகுது. நான் ரெண்டர வருசமா ஓட்டைக்கு மேல ஒக்காந்து ஈந்த.”

கழுவப் போனேன். கை தெரிந்த வேலையைத்தான் அந்த நேரம் செய்யும்.

மீன்களைத் துடைத்துக் கட்டையில் நிறுத்தப் பார்க்கிறேன், ஒன்று துளைக்குள் இறங்கவில்லை. திருகினேன், இல்லை. அடுத்ததும் இல்லை. ஆறில் நாலு இறங்கவில்லை. மரம் ஈரத்தில் ஊதிவிட்டதோ என்று வீட்டிலிருந்து கொண்டுவந்த பாவிக்காத ரீஃபில் துண்டு ஒன்றைப் போட்டேன். வழுகி இறங்கியது. மரம் ஊதவில்லை. மீன்தான் ஊதியிருக்கிறது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். குளோரோஃபோமை விட்டு வெளியே வந்து இரண்டு நாளான மீன். அதில் இன்னும் அந்த இனிப்பு மணம்.

கரையவில்லை என்று பார்த்தேனே தவிர, குடிக்கவில்லை என்று நான் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் குளோரோஃபோமைக் குடித்திருக்கிறது. குளோரோஃபோமில் கரைந்திருந்த தோணியையும் சேர்த்துக் குடித்திருக்கிறது. நான் எல்லா மீனையும் ஒரே பீக்கரில் போட்டுக் கழுவி, எது எதில் கிடந்தது என்று பார்க்காமல் திரும்ப எடுத்துப் போட்டிருக்கிறேன். வெறுங்குழாய்க்குள் தோணியைக் கொண்டுபோய் இறக்கியது நான். முதல் ஓட்டத்தில் மீன் புதுசு, அதனால் தப்பியது.

இது நினைத்தது. கண்டது இன்னும் இல்லை. கண்டால்தான் சேரிடம் போகலாம். மாணவர்கள் செய்கிற ஒரு சின்னச் சோதனையை நூறுதரம் பார்த்திருக்கிறேன். இரண்டு சின்னக் குழாயில் சுத்தமான குளோரோஃபோம் எடுத்தேன். ஒன்றில் ஊதின மீன், மற்றதில் ஒருதரமும் பாவிக்காத துண்டு. மதியம்வரை ஊறவிட்டேன். பிறகு இரண்டையும் வெளியே எடுத்துவிட்டு, மேலே மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி நிறுத்தினேன். தோணி இல்லாவிட்டால் மஞ்சள் மேலேயே நிற்கும், கீழே குளோரோஃபோம் நிறமில்லாமல் இருக்கும். புதுத் துண்டு ஊறின குழாயில் அப்படித்தான் நின்றது. ஊதின மீன் ஊறின குழாயில் குளோரோஃபோம் மஞ்சளாகிவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு வந்தது. தோணி நல்ல தோணி என்று சந்தோசம். இரண்டு கிழமையாக அந்தப் பிள்ளையைச் சாகடித்தது என் கைதான் என்று வெட்கம். ஓய்வுக்கு எனக்கு ஒரு வருசம்கூட இல்லை. அந்த இரண்டு குழாயையும் கழுவி ஊற்றிவிட்டு, புது மீன் செய்து மாற்றிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. இந்த யோசனையும் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அப்படிச் செய்தால் ஐந்து ஓட்டத்து மஞ்சளுக்குக் காரணம் இல்லாமல் போகும். காரணம் இல்லாத மஞ்சளைச் சேர் விட மாட்டார். அந்தப் பிள்ளைதான் கடைசிவரை அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

குழாய் இரண்டையும் ரேக்கில் வைத்துக்கொண்டு சேரின் அறைக்குப் போனேன். ஷிஃபானாவும் அங்கே நின்றாள், கையில் அந்தக் கொப்பி.

“என்ன கண்டனீங்கள், சேவியர்?”

கண்டதைச் சொன்னேன். மீன் துளைக்குள் இறங்காதது, மணம், இரண்டு குழாய். “நான்தான் சேர் செஞ்சனான். மீனும் நான் செஞ்சது. ஒண்டாப் போட்டுக் கழுவினதும் நான்தான். தோணி அதுக்குள்ள...”

சேர் கையை உயர்த்தினார். “பொறுங்கோ. கண்டது போதும். நினைச்சதைப் பிறகு கேக்கிறன்.”

எனக்கு முகம் செத்துப்போனது. சேர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஷிஃபானாவிடம் கொடுத்தார். அவள் மஞ்சளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ரெண்டு கெழம நான் தூங்கல்ல அங்கிள்.”

“தெரியும் மகள்.”

“அத விடுங்க. பேனாவுக்கு வேற வேல ஈக்கு. எழுதத்தான் அது.” சொல்லிவிட்டு அந்தக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். பிறகு மேசையில் தலையை வைத்து அழுதாள். சேர் பென்சிலைக் கூராக்கப் போனார். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

இனிக் கண்ணாடி. மெல்லிய கண்ணாடிக் குழலை நெருப்பில் இழுத்து, ஊசித் துண்டை உள்ளே விட்டு, இரு முனையையும் உருக்கி மூடினேன். நாலு உடைந்தது, நாலு நின்றது. பிலோமினாவின் ஊசிப் பெட்டி முடிந்தது. ஒவ்வொரு மீனுக்கும் வைரப் பென்சிலால் ஒரு இலக்கம் கீறினேன். ஒன்றும் இரண்டும் தோணிக்கு. மூன்றும் நாலும் வெறுங்குழாய்க்கு. கழுவுகிற பீக்கரும் வேறு வேறு. மகள், உன் ஆட்கள் கேட்கிற சட்டம் அன்றைக்குப் பிறந்தது.

அடுத்த நாள் காலை ஒன்பதுக்குத் தொடங்கினோம், வேண்டிய மூன்றில் முதல் ஓட்டம். மூன்றரைக்குக் கரண்ட் வெட்டு. நான் ஊற்றிய ஊற்றில் குளோரோஃபோமின் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. கண்ணாடி மீன் சுழல்கிற சத்தம் வேறு, ஒரு சில்வண்டு மாதிரி. பன்னிரண்டுக்குத் தோணிக் குழாயில் இளமஞ்சள். ஷிஃபானா அந்தக் குழாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வெறுங்குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வராமல் இருக்கிறதைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு சந்தோசப்படலாம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. ஒரு மணி. ஒன்றுமில்லை. இரண்டு மணி. வெள்ளைத் தாளைப் பிடித்தாள், ஒன்றுமில்லை. பிறகு தாளை நான் வாங்கிப் பிடித்தேன். பந்துலவும் ஸ்டோர்ஸைப் பூட்டிவிட்டு வந்து வாசலில் நின்றார். மூன்று மணி. ஒன்றுமில்லை. “நெஹெ” என்றார் பந்துல. அந்தச் சொல்லைக் கேட்டு நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

மூன்றேகாலுக்குச் சேர் வந்தார். குனிந்து இரண்டு குழாயையும் பார்த்தார். பிறகு ஷிஃபானாவின் கொப்பியை விரித்துப் பென்சிலை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவள் பக்கம் இல்லை.

“என்ன கண்டனீங்கள், சேவியர்?”

“தோணிக் குழாயில வலது பக்கம் மஞ்சள் சேர். வெறுங்குழாயில வலது பக்கம் தண்ணி.”

எழுதினார். நான் ரேக்கைத் தூக்கப் போனேன், என் கேள்வி முடிந்தது என்று.

“என்ன நினைக்கிறீங்கள்?”

முப்பத்துநாலு வருசத்தில் முதல் தரம். தூக்கின ரேக்கைத் திரும்ப வைத்தேன். ஷிஃபானா முழங்கையால் இடித்தாள்.

“பிள்ளையின்ட தோணி ஓடுது, சேர்.”

அதையும் அப்படியே எழுதினார். மூலக்கூறின் இரண்டு மூச்சுப் பெயரை எழுதவில்லை, தோணி என்றே எழுதினார். அந்தக் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், பார்த்தவர் என்று ஒரு இடம் இருக்கும். அதில் எப்போதும் ஒரு விரிவுரையாளர் கையெழுத்து வைப்பார். சேர் கொப்பியை என் பக்கம் திருப்பிப் பென்சிலை நீட்டினார். நான் கையை வேட்டியில் துடைக்கிற மாதிரிக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, சேவியர் என்று தமிழில் எழுதினேன். எழுதி முடிக்கக் கரண்ட் போனது. மீன்கள் நின்றன. இருட்டில்லை, கடல் பக்கத்து ஜன்னலால் வெயில் வந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் ஒரு குழாய் மஞ்சளாகவும் ஒரு குழாய் வெறுந்தண்ணீராகவும் நின்றன.